பயிற்றுநர்களை உருவாக்கிய பயிற்றுநர்

தேயிலைக்குச் சரிவு வேண்டும். பந்துக்குச் சமதரை வேண்டும். கேமரன் மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வரிகளின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலம் முதல், தண்ணீர் தேங்காத மலைச்சரிவுகளெல்லாம் தேயிலைக் காடாயின. தோட்டத்து மக்களுக்கு மிஞ்சிய சமதரை மூன்றே இடங்களில்தான்: கோயிலின் முன்புறம், தேயிலைத் தொழிற்சாலை முற்றம், பள்ளி வளாகம்.

நான் இந்த மலையின் தோட்டமொன்றில் வளர்ந்தவன். இன்று இங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர். புறப்பாட நடவடிக்கைகளும் என் பொறுப்பு. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி தொடங்கியதும், தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் புதிய மாணவர்களிடம், "உனக்கு என்ன விளையாட்டு தெரியும்?" என்று கேட்பேன். பையன்களில் பெரும்பாலோர் காற்பந்து என்பார்கள். பெண் பிள்ளைகள் வலைப்பந்து என்பார்கள். மூன்றாவதாக ஒரு பதில் உண்டு. அது எப்போதும் மெல்லிய குரலில்தான் வரும்: "எனக்கு விளையாடவே வராது சார்."

பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி முடிவு கட்டிவிடுவதுதான் என்னை உறுத்துகிறது. ஆரம்பப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் உடற்கல்விப் பாடம் நடந்திருக்கிறது. ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டி நடந்திருக்கிறது. ஆனால், நன்றாக ஓடுகிறவர்கள் ஓடினார்கள்; மற்றவர்கள் கூடாரத்தில் உட்கார்ந்து கை தட்டினார்கள். கை தட்டியே பழகிய பிள்ளைதான் "வராது" என்கிறது.

அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டுதான், நூறாண்டுகளுக்கு முன் சென்னையில் வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் ஹேரி குரோ பக். ஒரு கல்லூரியை நிறுவி நடத்திய முதல்வர்; விளையாட்டுப் பயிற்றுநர். நாம் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் தமிழ் மண்ணில் உடற்கல்வி ஒரு பாடமாக வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு குறும்புக்கார வகுப்பில் பிறந்த விளையாட்டு

பக்கை அறிவதற்கு முன், அவர் படித்த பள்ளியை அறிந்துகொள்வோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்றொரு நகரம் இருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் ஊழியர்களுக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரும் பள்ளி அங்கே இருந்தது. 1891ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி. காற்பந்தும் பேஸ்பாலும் ஆட முடியாது. கூடத்துக்குள் நாள்தோறும் செய்த உடற்பயிற்சி மாணவர்களுக்குச் சலித்துவிட்டது. ஒரு வகுப்பை இரண்டு ஆசிரியர்கள் சமாளிக்க முடியாமல் கைவிட்டார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக், கனடாவிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிக்க அவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு வாரம்.

நைஸ்மித் எதையும் புதிதாக வாங்கவில்லை. பீச் பழக்கூடைகள் இரண்டைக் கூடத்தின் மேல்மாடிக் கைப்பிடியில் மாட்டினார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. அதனால்தான் இன்றும் உலகம் முழுவதும் கூடைப்பந்து வளையம் பத்தடி, அதாவது 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிறகு 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, எதிரணியினரைத் தோளால் இடிக்கக்கூடாது, பிடித்துத் தள்ளக்கூடாது. முரட்டு மாணவர்கள் ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொள்ளாமல் ஆட வேண்டும் என்பதே அந்த விதிகளின் உயிர். வகுப்பிலிருந்த 18 பேரும் ஒன்பது ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு கூடைதான் விழுந்தது. கூடையின் அடிப்பக்கம் மூடியிருந்ததால் ஏணி வைத்து ஏறித்தான் பந்தை எடுத்தார்கள்.

மாணவர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாளில் 18 பேரில் ஒருவர்கூட உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை. கூடைப்பந்து என்பது யார் சிறந்த வீரர் என்று கண்டுபிடிப்பதற்காக உருவான விளையாட்டு அன்று. ஒரு வகுப்பில் இருக்கும் அனைவரையும் எப்படி ஈடுபடுத்துவது என்ற ஆசிரியரின் தலைவலிக்குக் கிடைத்த மருந்து அது.

அடுத்த ஆண்டே, அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன் அந்த விதிகளைத் தம் மாணவியருக்கு ஏற்ப மாற்றினார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போன அதே விளையாட்டு, அங்கே மகளிர் கல்லூரிகளில் மேலும் மாறி வலைப்பந்தாயிற்று. ஆகவே, தோட்டத்துப் பள்ளியில் வலைப்பந்து ஆடிப் பழகிய ஒவ்வொரு பெண்ணும், தனக்குத் தெரியாமலேயே கூடைப்பந்தின் உறவுக்காரி.

சென்னைக்கு வந்த ஆசிரியர்

ஹேரி பக் 1884இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். ஸ்பிரிங்பீல்டில் பயின்றவர். அவர் அங்குச் சென்றபோது நைஸ்மித் அந்தப் பள்ளியை விட்டுப் போய் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனால் அவர் விட்டுச்சென்ற எண்ணம் அங்கே தங்கியிருந்தது. உடற்பயிற்சி என்பது தசையை வளர்ப்பது மட்டுமன்று, அது கல்வியின் ஒரு பகுதி என்பதே அந்த எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் பக் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காகச் சென்னைக்கு வந்தார்.

அன்றைய பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் 'டிரில்'. அதைக் கற்பித்தவர் 'டிரில் மாஸ்டர்'. பல இடங்களில் அவர் படையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். மாணவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். கட்டளைக்குக் கையைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். பள்ளியின் மற்ற ஆசிரியர்களுக்குச் சமமான மதிப்பு டிரில் மாஸ்டருக்குக் கிடைக்கவில்லை. பாடம் கற்பிக்கப் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட சமுதாயம், விளையாட்டைக் கற்பிக்கவும் பயிற்சி வேண்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பக் நினைத்திருந்தால் ஒரு நல்ல அணியைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, சில கோப்பைகளை வென்றிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்த அணியில் இருந்த பத்துப் பதினைந்து பேர் பயன்பெற்றிருப்பார்கள். அவர் வேறு கணக்குப் போட்டார். ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தால், அவர் பணி ஓய்வு பெறுவதற்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் திடலுக்குக் கொண்டுவருவார். ஆகவே, 1920ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவில் இத்தகைய முதல் கல்லூரி என்று அது போற்றப்படுகிறது. சென்னை நந்தனத்தில், அடையாற்றின் கரையை ஒட்டிய மரங்கள் அடர்ந்த வளாகத்தில் அது இன்றும் இயங்கி வருகிறது.

இதன் முக்கியத்துவம் புரிய ஓர் ஒப்பீடு போதும். இந்திய அரசு குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1957இல். நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகளுக்குப் பிறகு. அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் அந்த விதை ஊன்றப்பட்டுவிட்டது.

அலுவலகமும் திடலும்

பள்ளி நிருவாகி ஒரு வகை. பயிற்றுநர் ஒரு வகை. நிருவாகி மேசையில் இருப்பார். பயிற்றுநர் திடலில் இருப்பார். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு பக் நல்ல சான்று. பாடத்திட்டம் வகுப்பது, நிதி தேடுவது, இடம் தேடுவது எல்லாம் அவர் தலையில். அதே சமயம், தாம் வகுக்கும் திட்டம் வெயிலில் வேலை செய்கிறதா என்பதைத் திடலில் நின்று பார்க்கவும் அவரால் முடிந்தது.

அவருடைய பணிகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, விதிகளை எழுத்தில் கொண்டுவந்தது. விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் உடற்கல்வி ஆசிரியர்களின் கையேடாக விளங்கியது. இது சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் விதி எழுத்தில் இல்லாத இடத்தில் யார் குரல் பெரியதோ அவர் சொல்வதே விதி. எழுதிவைத்த விதி இருந்தால் சிறியவனும் பெரியவனிடம் நியாயம் கேட்கலாம். கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு போட்டியை நடத்தலாம்.

இரண்டாவது, உள்ளூர் விளையாட்டுகளை ஒதுக்காதது. அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்பதற்காக அமெரிக்க விளையாட்டுகளை மட்டும் அவர் புகுத்தவில்லை. கூடைப்பந்து, கைப்பந்து ஆகியவற்றோடு கபடி போன்ற இந்திய விளையாட்டுகளும் அந்தக் கல்லூரியின் பயிற்சியில் இடம்பெற்றன. செலவில்லாத, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டிலிருந்து தொடங்குவது நல்ல ஆசிரியரின் வழி. நம் தோட்டங்களில் லயத்து முற்றத்தில் ஆடிய கபடியும் கிளித்தட்டும், 'விளையாட வராது' என்று சொல்லும் பிள்ளைக்குக்கூட வரும்.

மூன்றாவது, உச்சத்தையும் அவர் விட்டுவிடவில்லை. 1924இல் டெல்லியில் நடந்த போட்டிகளின் வழி தடகள வீரர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த அணியின் மேலாளராகச் சென்றவர் பக். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கண்ணூரில் பிறந்த சி.கே. லட்சுமணன், அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டக்காரர். பின்னாளில் அவர் மருத்துவத் துறையில் இந்தியாவின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் என்ற பொறுப்பு வரை உயர்ந்தார். விளையாடினால் படிப்புக் கெடும் என்று சொல்லும் பெற்றோருக்கு இவர் பெயரை நான் அடிக்கடி சொல்வதுண்டு. 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது தோராப்ஜி டாட்டா தலைவரானார். செயலாளரானவர் பக்கைப் போலவே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பணியில் இருந்த டாக்டர் நோரென்.

பக் 1943இல் காலமானார். அதற்குள் அவருடைய கல்லூரியில் பயிற்சி பெற்றவர்கள் தென்னிந்தியாவின் பள்ளிகளெங்கும் பரவியிருந்தார்கள். 'டிரில் மாஸ்டர்' மெல்ல மெல்ல 'உடற்கல்வி ஆசிரியர்' ஆனார். ஒரு சொல் மாறுவதற்கு ஒரு தலைமுறை உழைப்பு தேவைப்பட்டது.

தோற்ற பயிற்றுநர், வென்ற மாணவர்கள்

பக்கின் வழியைப் புரிந்துகொள்ள நைஸ்மித்தின் பின்னாள் வாழ்க்கையும் உதவும். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் 1898இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கே முதல் பயிற்றுநரானார். அவர் அணி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வரலாற்றில், வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ள ஒரே பயிற்றுநர் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்!

ஆனால் அவருடைய மாணவர்களைப் பாருங்கள். அவரிடம் ஆடிய பாக் ஆலன் பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் பெரும்புகழ் பெற்ற பயிற்றுநரானார். ஆலனிடம் ஆடிய அடால்ப் ரப், டீன் ஸ்மித் இருவரும் அமெரிக்காவின் தலைசிறந்த பயிற்றுநர்களின் பட்டியலில் இடம்பெற்றார்கள்.

இன்னொரு மாணவரின் கதை இன்னும் முக்கியமானது. ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் 1930களில் கான்சஸில் உடற்கல்வி படித்தார். நிறவெறி நிலவிய காலம் அது. பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. முதுமையை எட்டியிருந்த நைஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக இருந்தார். பந்தைத் தொட அனுமதி மறுக்கப்பட்ட அந்த இளைஞர், விளையாட்டை எப்படிக் கற்பிப்பது என்பதைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் டென்னசியில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியொன்றின் அணியை 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசிய வாகையாளராக்கினார். கூடைப்பந்தின் பெருமைக்குரியோர் மண்டபத்தில் இன்று அவர் பெயர் இருக்கிறது.

அணிக்குத் தேர்ந்தெடுக்கப்படாத மாணவர்களே, மெக்லெண்டனை நினைவில் வையுங்கள். ஆடுவது மட்டுமே விளையாட்டில் உள்ள ஒரே வாசல் அன்று. கற்பிப்பது, நடுவராக இருப்பது, புள்ளி எழுதுவது, போட்டியை நடத்துவது, காயத்துக்கு முதலுதவி செய்வது என்று பல வாசல்கள் உண்டு.

தமிழ்ப் பெண்ணின் சாதனை

ஓர் ஆசிரியர் ஊன்றிய விதைக்கும் இன்றைய ஒரு வெற்றிக்கும் நேர்க்கோடு போட முடியாது. இடையில் பல கைகள் இருக்கும். ஆனால் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்களும் திடல்களும் இருந்த ஒரு நகரத்தில்தான் அனிதா பால்துரை போன்றவர் உருவாக முடிந்தது. சென்னையைச் சேர்ந்த அனிதா, 19ஆவது வயதில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவியானார். ஆசிய வாகையர் போட்டிகளில் ஒன்பது முறை ஆடினார். தாயான பிறகும் திடலுக்குத் திரும்பினார். 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. ஆட்டத்திலிருந்து விலகிய பின் அவரும் பயிற்றுநர் பணிக்கே வந்தார்.

படிவம் மூன்றைத் தாண்டியதும் திடல் பக்கம் வருவதை நிறுத்திவிடும் நம் பெண் பிள்ளைகளிடம் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். "பெரிய பிள்ளை ஆயிட்ட, இன்னும் என்ன பந்து?" என்று வீட்டில் கேட்டால், பத்மஸ்ரீ பெற்ற ஒரு தமிழ்த்தாயின் பெயரைச் சொல்லுங்கள்.

நம் மலைக்கு ஏற்ற கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். அனைத்துலக அளவிலான ஒரு காற்பந்துத் திடலின் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். கூடைப்பந்துத் திடலோ 28 மீட்டருக்கு 15 மீட்டர். கணக்குப் போட்டால், ஒரு காற்பந்துத் திடலின் பரப்பளவு 17 கூடைப்பந்துத் திடல்களின் பரப்பளவுக்குச் சமம். சரிவைச் செதுக்கித்தான் சமதரை உண்டாக்க வேண்டிய கேமரன் மலையில் இந்தக் கணக்கு மிக முக்கியம்.

மூவர் கூடைப்பந்து என்ற வகைக்கு இன்னும் குறைவான இடம் போதும். அது தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. ஒரே ஒரு வளையம். 15 மீட்டருக்கு 11 மீட்டர் இடம். அணிக்கு மூவர், மாற்று ஆட்டக்காரர் ஒருவர். பத்து நிமிடம், அல்லது 21 புள்ளியை முதலில் எட்டுவது. அவ்வளவுதான். மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைவாக உள்ள பள்ளிகளை நம் நாட்டில் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறார்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வகையில்தான் உள்ளன. அங்கே காற்பந்துக்குப் பதினொரு பேரைத் திரட்டுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். நான்கு பேரைத் திரட்ட ஒரு வகுப்பே போதும்.

நம் நாட்டில் கூடைப்பந்து என்றாலே சீனப்பள்ளிகள்தாம் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். அதற்காக அது ஓர் இனத்தின் விளையாட்டு ஆகிவிடாது. முதன்முதலில் ஆடிய அந்த 18 பேர் வகுப்பிலேயே ஜப்பானிய மாணவர் ஒருவர் இருந்தார். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் சீன நண்பனோடு சேர்ந்து ஆடக் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், வகுப்பறையில் ஓர் ஆண்டு பேசாத பிள்ளைகள் திடலில் ஒரே மாலையில் நண்பர்களாகியிருக்கிறார்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில்தான் ஆடவர் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டானது. முதிய நைஸ்மித் அதைக் காண நேரில் சென்றிருந்தார். இறுதி ஆட்டத்தன்று மழை. களிமண் திடல் சேறாகிவிட்டது. பந்தைத் தட்டி ஓட முடியவில்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்று ஆட்டம் முடிந்தது. ஒலிம்பிக் இறுதி ஆட்டமே சேற்றில் நடந்திருக்கிறது. தானா ராத்தாவின் தூறலுக்கு நாம் அஞ்சத் தேவையில்லை!

மாணவர்கள் என்ன செய்யலாம்?

கல்வி அமைச்சு 2011இல் 'ஒரு மாணவர், ஒரு விளையாட்டு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு விளையாட்டிலாவது பங்கேற்க வேண்டும் என்பது அதன் சாரம். பக் நூறாண்டுக்கு முன் தம் கல்லூரியை எழுப்பியதும் ஏறத்தாழ இதே எண்ணத்தின் மீதுதான். கொள்கை தாளில் இருக்கிறது. அதைத் திடலுக்குக் கொண்டுவர ஆசிரியர் மட்டும் போதாது, மாணவரும் வேண்டும்.

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சில யோசனைகள். உங்கள் விளையாட்டின் விதிகளை முழுமையாகப் படியுங்கள். நன்றாக ஆடுகிற பலருக்கே விதி முழுதாகத் தெரியாது. விதி தெரிந்தவர் நடுவராகலாம்; நடுவர் இருந்தால் போட்டி நடத்தலாம். வாரம் ஒருமுறை, நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரின் அனுமதியோடு, நான்கு பிள்ளைகளுக்குப் பந்தைப் பிடிக்கவும் வீசவும் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுக்கும்போதுதான் உங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது உங்களுக்கே புரியும். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துப் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு என்பதையும் மறவாதீர்கள். ஒரு புள்ளியில் இடத்தைத் தவறவிட்டவர்களுக்கு அந்தப் பத்தின் அருமை தெரியும்.

பல்கலைக்கழக மாணவர்களுக்கும் ஒரு சேதி. விளையாட்டை வாழ்க்கைத் தொழிலாக்க இன்று முறையான பாதைகள் இருக்கின்றன. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலுக்கும் பயிற்றுவிப்புக்கும் தனித் துறைப்புலமே உண்டு. வேறு துறையில் படிப்பவர்கள், மூன்று நிலைகளைக் கொண்ட தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் சேரலாம். விடுமுறைக்கு ரிங்லெட்டுக்கோ பிரிஞ்சாங்கிற்கோ திரும்பும்போது, அந்தச் சான்றிதழோடு திரும்பி வந்தால், அது ஊருக்கு நீங்கள் கொண்டுவரும் நல்ல பரிசு.

எதைக் கொண்டு அளப்பது?

ஒரு பயிற்றுநர் விட்டுச்செல்வதைக் கோப்பைகளை எண்ணி அளப்பது எளிது. கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்தால் விருந்தினருக்குக் காட்டலாம். ஆனால் பக்கின் பெயரில் நாம் எண்ணுவதற்குக் கோப்பைகள் இல்லை. இருப்பது, நூறாண்டு கடந்த ஒரு கல்லூரி. அங்கே பயின்று ஊர் ஊராகச் சென்ற ஆசிரியர்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் சிலர் மறுபடியும் ஆசிரியர்கள். எண்ணத் தொடங்கினால் முடியாது.

நம் தோட்டங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். பணி நேரம் முடிந்த பிறகும் திடலில் நின்ற ஆசிரியர்கள், தம் சொந்தக் காசில் பந்து வாங்கிக் கொடுத்த அண்ணன்மார்கள். அவர்கள் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் நலமாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள். அவர் யாருக்கெல்லாம் கற்பித்தார், திடலை எப்படி உண்டாக்கினார், எப்படிப் போட்டிகளை நடத்தினார் என்று கேட்டு எழுதிவையுங்கள். பள்ளி இதழுக்கு அதைவிடச் சிறந்த கட்டுரை கிடைக்காது.

எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறோம். "விளையாட வராது" என்று சொன்ன பிள்ளைகளுக்கு முதல் பருவத்தில் போட்டியே கிடையாது. விசில், விதித்தாள், புள்ளிப் பலகை மூன்றும் அவர்கள் பொறுப்பு. இரண்டாம் மாதத்தில் அவர்களில் ஒரு பெண், ஆட்டத்தை நிறுத்தி, படிவம் ஐந்து மாணவனிடம் அவன் பந்தோடு நடந்த தவற்றை விளக்கிச் சொன்னாள். அவன் பந்தைக் கொடுத்துவிட்டு விலகி நின்றான். அன்று மாலை பயிற்சி முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, "சார், அடுத்த வாரம் நானும் ஆடிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.